சந்தேகத்துக்குரிய நபர்கள் என்ற கட்டம்

அந்தப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறை நான் நிரப்பினேன். ஏழாவதை நிரப்ப மாட்டேன் என்று சொன்னேன். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு தனியார் கல்லூரியில் குற்றவியல் பாடம் நடத்துகிறேன். ஊரில் என் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் என்னை வக்கீல் என்று நினைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் போலீஸ் என்று. நான் இரண்டும் இல்லை. ஒரு குற்றம் ஏன் இந்த இடத்தில், இந்த நேரத்தில் நடந்தது, அடுத்த தெருவில் ஏன் நடக்கவில்லை என்று கேட்பதுதான் என் பாடம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது முதலில் சப்பென்று இருக்கும். கொலைகாரனின் மனத்தைப் பற்றிச் சொல்லுங்கள் மிஸ் என்பார்கள். நான் தெரு விளக்கைப் பற்றிச் சொல்வேன்.

வைகாசித் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது காஞ்சிபுரத்துப் பெரிய கோயிலுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தேரோட்டத்தன்று குண்டு வெடிக்கும் என்று நாலு வரி. மோப்ப நாய் வந்தது, கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் விமான நிலையத்துக்கும் இப்படி அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் புரளிதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லட்சம் பேர் கூடும் தெருவில் புரளி என்று நம்பிச் சும்மா இருக்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. இருக்கவும் கூடாது.

ஒரு கல்யாண மண்டபத்தில் மத்தியான நேரத்தில் கூட்டம் போட்டார்கள். பந்தோபஸ்துக்குப் பொறுப்பான காவல் அதிகாரி, மாட வீதிக் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர், மின்வாரியம், சுகாதாரம் என்று முப்பது பேர் இருப்பார்கள். கல்லூரியிலிருந்து யாரையாவது அனுப்பச் சொல்லி இருந்ததால் என்னை அனுப்பினார்கள். பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள்.

நான் எளிமையாகத்தான் சொன்னேன். ஒரு குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும். செய்யத் துணிந்த ஒருவன் வேண்டும். அவனுக்கு ஒரு இலக்கு வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலைமை வேண்டும். முதலாவது நம் கண்ணுக்குத் தெரியாது, யார் மனத்தில் என்ன இருக்கிறது என்று நெற்றியில் எழுதி இருக்காது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. வீட்டுத் திருட்டுக்குச் சொன்ன இந்தக் கணக்கு பயங்கரவாதத்துக்கும் பொருந்தும். குண்டு வைக்க வருகிறவனுக்கும் வண்டி நிறுத்த ஒரு இடம் வேண்டும், பையை வைத்துவிட்டு நகர ஒரு மறைவு வேண்டும், முன்கூட்டியே வந்து பார்க்க ஒரு நாள் வேண்டும். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே அவன் வேலை கஷ்டமாகும்.

கைதட்டல் எல்லாம் இல்லை. செயலாளர் எழுந்தார். பெரிய பட்டுக் கடை வைத்திருப்பவர், நெற்றி நிறையத் திருநீறு, குரல் எப்போதும் தணிந்தே இருக்கும்.

"சார், நேரா சொல்லிட்றேன். கோயிலுக்குப் பக்கத்துச் சந்துல ஒம்பது கட இருக்குது. யாரு நடத்துறாங்கன்னு உங்களுக்கே தெரியும். திருவிழா முடியற வரிக்கும் மூடச் சொல்லிடுங்க. பேரு, அட்ரஸ் எழுதி வாங்கிக்கினா பாதி வேல முடிஞ்சுது."

அந்தச் சந்தில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கின்றன. பூட்டு, சாவி, குடை, கைக்கடிகாரம், பைகளுக்கு ஜிப் தைப்பது. பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களின் பை கிழிந்தால் அங்கேதான் ஓடுவார்கள். மண்டபத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எதிர்ப்பே இல்லாத அந்த அமைதிதான் எனக்குக் கோபத்தை மூட்டியது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

"மெயில் அந்தச் சந்துல இருந்துதான் வந்துச்சுன்னு தெரியுமா சார்?"

"இல்ல. எங்கிருந்துன்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்ப ஒன்பது பேரோட பேரு எதுக்கு?"

"ஒரு சேஃப்டிக்குத்தாம்மா" என்றார் செயலாளர்.

"யாருக்கு சேஃப்டி?" என்று கேட்டேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

கிளம்பும்போது அதிகாரி என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பாதுகாப்புத் திட்டத்தை நான் எழுதித் தர வேண்டும், பத்து நாள் அவகாசம். நுழைவழிகள், நெரிசல், வாகன நிறுத்தம், விளக்கு, மருத்துவம், தொண்டர்கள் என்று ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டத்தின் தலைப்பு: சந்தேகத்துக்குரிய நபர்கள்.

நான் ஏன் இந்தப் பாடத்தைப் படித்தேன் என்று இங்கே சொல்லியாக வேண்டும். முசரவாக்கம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் காலனி. என் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா நகரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். வெந்நீரில் பட்டு நூலை முக்கி எடுத்து, பிழிந்து, கம்பில் காயப்போடும் வேலை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பட்டறையில் அரக்குச் சாயம் ஏற்றிய நூல் கட்டுகள் திருட்டுப் போயின. அங்கே வேலை பார்த்தவர்கள் பதினைந்து பேர். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது நாலு பேரை. நாலு பேரும் எங்கள் காலனி.

அப்பா மூன்று நாள் கழித்து வந்தார். அதன் பிறகு ஒரு மாதம் அவரால் ஈர நூலைப் பிழிய முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். யாரும் சத்தமாக எதுவும் கேட்கவில்லை. பிறகு வேறு ஊரில் வேறு ஒரு திருட்டில் பிடிபட்ட ஒருவன், இந்தப் பட்டறையிலும் எடுத்தேன் என்று சொன்னான். பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, கழிவு எடுக்க வரும் வண்டி அந்த ஜன்னலுக்கு அடியில்தான் நிற்கும். வண்டி மேல் ஏறினால் கை எட்டும். அவ்வளவுதான். முதலாளி ஜன்னலுக்குக் கம்பி வைத்தார். அரை நாள் வேலை. அப்புறம் அங்கே திருட்டே போகவில்லை.

"அந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லன்னு நான் மொதலாளிகிட்ட ரெண்டு தபா சொன்னேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கேட்கிறது. ஓட்டை எங்கே என்று தெரிந்திருந்த ஒரே ஆளைத்தான் அவர்கள் அடித்தார்கள்.

பல வருடம் கழித்து, சென்னையில் முதுகலை வகுப்பில், சூழ்நிலையை மாற்றிக் குற்றத்தைத் தடுப்பது பற்றி ஒரு பேராசிரியை பாடம் எடுத்தார். ஆளைக் கேட்காதே, இடத்தைக் கேள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு வகுப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. என் அப்பாவின் சாதியையும் காலனியையும் கேட்காமல் ஜன்னலைப் பற்றிக் கேட்கும் ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே அந்த ஏழாவது கட்டம் எனக்கு வெறும் கட்டம் இல்லை.

அடுத்த நாலு நாள் காலையிலும் மாலையிலும் கோயிலைச் சுற்றி நடந்தேன். நான் கிறிஸ்தவப் பெண், கோயிலுக்குள் என்ன செய்வது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை தெருவோடுதான். சந்து முனையில் மல்லிகை விற்கும் அம்மா ஒருத்தர் இருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் குரல் தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும். முதல் நாள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கூட்டம் அதிகமானால் எங்கே மூச்சு முட்டும் என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? அதோ அந்த மோர்ப் பந்தல் போட்றாங்க பாரு, அங்கதான். வருசா வருசம் அங்கதான் போட்றாங்க. ரோடு பாதியாயிடுது. போன வருசம் ஒரு பொம்பள மயங்கி விழுந்துட்டா, தூக்க வழி இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பூக்காரி சொன்னா யாரு கேக்கறா? நீ எழுதிக்கினு போ."

எழுதினேன். நெரிசல் ஏற்படும் முனையிலேயே ஒரு பெரிய குப்பைத் தொட்டி இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத இரும்புத் தொட்டி. போலீஸ் கூண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது, வெயிலுக்காக யாரோ திருப்பி வைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், டோக்கன் கிடையாது.

சந்துக்குள் போனேன். ஜிப் தைக்கும் கடைக்காரர் என்னை உடனே நம்பவில்லை. ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர். நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். கடைசியில் நிறுத்தினார்.

"எதுக்கு மேடம் இதெல்லாம் கேக்கறீங்க?"

படிவத்தைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதுல எங்க பேரா?"

"யார் பேரும் இருக்காது. காலியா விடப்போறேன்."

"காலியா உட்டா வேற யாராவது எழுதுவாங்க மேடம்." சிரிக்காமல்தான் சொன்னார்.

"அப்ப குறுக்கே கோடு போட்டுடறேன்."

படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு இயந்திரத்தை விட்டு எழுந்து வெளியே வந்து காட்ட ஆரம்பித்தார். சந்து வளையும் மூலையில் மூன்று பக்கமும் குருட்டுச் சுவர். அவர் கடை வாசலில் இருந்து பார்த்தால் மட்டும்தான் அந்த மூலை தெரியும். திருவிழா நாளில் வெளியூர் வேன்கள் அங்கே நிற்கும், டிரைவர் சாமி பார்க்கப் போய்விடுவார், சாயந்திரம் வரை யாரும் கேட்பது இல்லை. எந்த வண்டி எப்போது வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். செயலாளர் மூடச் சொன்னது இந்தக் கடையைத்தான். அங்கே ஒரு கேமரா வைத்தால் படம் பிடிக்கும், ஆனால் இந்த வண்டி புதிது என்று அதற்குத் தெரியாது.

பத்தாம் நாள் படிவத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். ஆறு கட்டங்களுக்கும் தனித்தாள்கள் இணைத்திருந்தேன். வண்டிகளை ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கமே நிறுத்திவிட்டு வேறு சிறு வண்டியில் ஆட்களைக் கொண்டுவருவது, தொட்டியை எடுத்துவிட்டு உள்ளே தெரியும் பைகளைத் தொங்கவிடுவது, பந்தலை அகலமான இடத்துக்கு மாற்றுவது, பூக்காரர்களையும் சந்துக் கடைக்காரர்களையும் அவரவர் இடத்திலேயே வைத்திருந்து, அவர்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு போலீஸ்காரரை அடையாளம் காட்டுவது. ஏழாவது கட்டத்தில் குறுக்கே கோடு போட்டு, "பெயர்கள் தேவையில்லை. கவனிக்க வேண்டிய இடங்கள் மேலே தரப்பட்டுள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர் மோசமான மனிதர் இல்லை. முழுவதும் படித்தார், இரண்டு இடத்தில் நல்ல கேள்வி கேட்டார். பிறகு கடைசித் தாளுக்கு வந்தார்.

"மேடம், திருடனுக்குச் சொல்றது இதுக்கு ஒத்துவராது. திருடன் மாட்டிக்கக் கூடாதுன்னு பயப்படுவான். இவன் சாகத் துணிஞ்சவன்."

"சாகத் துணிஞ்சவனுக்கும் வண்டி நிறுத்த இடம் வேணும் சார்."

"இங்க முடியலன்னா வேற ஊருக்குப் போவான்."

"சில பேர் போவாங்க. சில பேர் விட்டுடுவாங்க. ஒன்பது பேரோட பேரை எழுதி வச்சா அவன் எங்கயும் போக வேண்டியதே இல்ல சார், நாம அந்தப் பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்கப்ப அவன் பாட்டுக்கு முன் வாசல்ல வந்துட்டுப் போவான். அந்த ஒன்பது பேரும் அடுத்த தடவ எதையாவது பாத்தா உங்ககிட்ட சொல்ல வர மாட்டாங்க. அவங்க வாய மூடுறதுதான் அவனுக்கு வேணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை என்ன கேப்பாங்க தெரியுமா? லிஸ்ட் எங்கன்னு கேப்பாங்க. குப்பைத் தொட்டி எங்கன்னு கேக்க மாட்டாங்க."

"கேட்டா என் கையெழுத்தக் காட்டுங்க."

"உங்க கையெழுத்து உங்களக் காப்பாத்தாது மேடம்."

"தெரியும் சார்" என்றேன். தெரிந்துதான் போட்டிருந்தேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் சொன்ன மாதிரி ஏதாவது நடந்து, அந்த ஒன்பது பேரில் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தால் என்ன செய்வேன் என்று வீடு திரும்பும் பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டேன். அப்போதும் என் பதில் மாறவில்லை. பதினைந்து பேரில் நாலு பேரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

தேரோட்டத்தன்று காலை ஆறு மணிக்கெல்லாம் மாட வீதிக்குப் போய்விட்டேன். தொட்டி எடுக்கப்பட்டிருந்தது. பந்தல் இடம் மாறி இருந்தது. போலீஸ் கூண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி இருந்தது. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சந்துக்குள் நுழைந்தேன், ஒன்பது கடைகளின் ஷட்டரும் இறங்கி இருந்தன.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "நான் சொல்லல மேடம்" என்றார். சத்தியமாகச் சொல்கிற குரலாகத்தான் இருந்தது. பூக்கார அம்மாதான் சொன்னார்: நேற்று சாயந்திரம் சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்து, மரியாதையாகத்தான், மூடிவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

ஜிப் கடைக்காரரின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் வாசலிலேயே நின்று பேசினார்.

"உங்க பேப்பர்ல என் பேரு இல்ல, சரி. அவங்க மனசுல இருக்குது இல்ல? எனக்கு மூணு பொண்ணுங்க மேடம். ஒரு நாள் யாவாரம் போனா போவுது."

"அந்த மூலையைப் பாக்க ஆளில்ல."

"போலீஸ போடச் சொல்லுங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வந்தேன். பூக்கார அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு போய், மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். யாராவது வந்து எழுப்பட்டும் பார்க்கலாம் என்று இருந்தது. சங்கத்து ஆள் ஒருவர் வந்தார்.

"இங்க ஏன் உக்காந்துக்கினு கீறீங்க மேடம்? வி.ஐ.பி. பாஸ் தர்றோம், அந்தாண்ட வந்து தேர் பாருங்க."

"நான் தேர் பாக்க வரல. கட மூடி இருக்குது, அதான் நான் உக்காந்திருக்கேன். நீங்க தொறக்கச் சொன்னா எழுந்துக்கறேன்."

அவர் போய்விட்டார். வெயில் ஏறியது. சந்து நிறைய ஆட்கள், ஓரிக்கையில் நிற்காமல் உள்ளே நுழைந்துவிட்ட வேன்கள், பைகள். ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒரு உண்மை புரிந்தது: எனக்கு எதுவுமே தெரியவில்லை. எல்லா முகமும் புது முகம், எல்லாப் பையும் புதுப் பை. கோட்பாட்டை வகுப்பில் நடத்தலாம், காவலாக உட்கார அந்தத் தெருவிலேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் ஜிப் கடைக்காரரே வந்தார், கையில் சாவியோடு. என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"நீங்க தப்பான பக்கம் பாத்துக்கினு உக்காந்து இருக்கீங்கன்னு பூக்காரம்மா போன் பண்ணிச்சு" என்றார். ஷட்டரைப் பாதி தூக்கினார், கொஞ்சம் யோசித்தார், முழுசாகத் தூக்கினார். அந்தச் சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. பக்கத்துச் சாவிக் கடைக்காரரும் அரை மணியில் வந்து திறந்தார். மற்ற ஏழும் திறக்கவே இல்லை.

பன்னிரண்டரைக்கு அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "அந்த மூலையில பழுப்பு பேகு. நான் தொறக்கும்போது இல்ல. வேன்காரங்களுது இல்ல, அவங்க பேகெல்லாம் செகப்பு."

அவர் கத்தவில்லை, பைக்குப் பக்கத்தில் போகவும் இல்லை. பூக்கார அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்த அம்மா எழுந்து, எங்களோடு பேசி வைத்திருந்த அந்த ஒரு போலீஸ்காரரிடம் நடந்தே போய்ச் சொன்னார். பிறகு சந்து முனையில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் வழி அடைச்சிக்கினு இருக்குது, அப்டி சுத்திக்கினு போங்கப்பா" என்று சாதாரணமாகத் திருப்பிவிட ஆரம்பித்தார். குண்டு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அந்த நெரிசலில் அந்த வார்த்தை மட்டும் வெளியே வந்திருந்தால், பையில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஆட்கள் மிதிபட்டுச் செத்திருப்பார்கள். பந்தல் இடம் மாறி இருந்ததால் தெருவில் அகலம் இருந்தது. பத்து நிமிடத்துக்குள் சந்து காலி. கருவியோடு ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

உள்ளே இருந்தவை ஈர வேட்டிகள், ஒரு பித்தளைச் செம்பு, வாழை இலையில் கட்டிய புளியோதரை. தெலுங்கு பேசும் ஒரு பெரியவர், குளித்துவிட்டு வரும் வழியில் பையை நிழலில் வைத்துவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார். திரும்பி வந்து போலீஸைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ஜிப் கடைக்காரர்தான் அவரை உட்காரவைத்து, தெலுங்கிலேயே சமாதானம் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தேர் நிலைக்கு வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இது இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரிக்கு ஒரு உறை வந்தது. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ், கூடவே திருவிழாப் பாதுகாப்பு அறிக்கையின் நகல். கல்லூரி முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். நான் அறிக்கையைப் புரட்டினேன். என் ஆறு கட்டங்களும் அப்படியே தட்டச்சாகி இருந்தன. கடைசியில் ஓர் இணைப்பு. சந்தேகத்துக்குரிய நபர்கள்: ஒன்பது பெயர்கள், அப்பா பெயர், முகவரி. மூன்றாவது பெயர், பழுப்புப் பையைக் கண்டுபிடித்தவருடையது. அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

சான்றிதழை முதல்வரின் மேசைமேல் திருப்பி வைத்தேன்.

"இத நான் வாங்கிக்க முடியாது சார். திருப்பி அனுப்பணும்."

"எதுக்கும்மா வம்பு? திருப்பி அனுப்பினா காலேஜுக்கு என்ன பேரு வரும்?"

"என் பேர நான் பாத்துக்கறேன் சார். இந்த ஒன்பது பேருக்கு என் பேரால வந்ததுக்குப் பதில் சொல்லணும்."

அதிகாரிக்குப் போன் செய்தபோது அவருக்கு மாற்றல் வந்திருந்தது. "ஆபீஸ்ல யாரோ பழைய மாடல்ல டைப் பண்ணிட்டாங்க மேடம். நான் கவனிக்கல" என்றார். நம்பினேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மனு எழுதினேன். இந்த இணைப்பு என்னுடையது அல்ல, என் கையெழுத்திட்ட படிவத்தில் அந்தக் கட்டம் அடிக்கப்பட்டிருந்தது, நகல் இணைத்துள்ளேன், இந்தப் பக்கத்தை நீக்கி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சந்துக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். ஏழு பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள், அவர்கள் நியாயம் எனக்குப் புரிந்தது. சாவிக் கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஜிப் கடைக்காரர் பேனாவை வாங்கினார்.

"காலியா உட்டா எழுதுவாங்கன்னு நான் அப்பவே சொன்னேன் இல்ல?"

"கோடு போட்டும் எழுதிட்டாங்க."

"அப்ப நம்மளும் எழுதுவோம்" என்று சொல்லி, தமிழில், பெரிய எழுத்தில், தன் பெயரைத் தானே எழுதினார். பூக்கார அம்மா கைநாட்டு வைக்க மறுத்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்தே போட்டார். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது.

முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி. மூன்றாவதை மேலிடத்துக்கு அனுப்பினேன். ஒரு பெண் அதிகாரி என்னையும் ஜிப் கடைக்காரரையும் விசாரணைக்கு அழைத்தார். அவர் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அந்த இணைப்பு ரத்து என்று எழுதி, எங்கள் முன்னாலேயே கோப்பில் இருந்து எடுத்தார். இனி வேறு எங்காவது வேறு ஒரு பட்டியல் இருக்கலாம், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் அடியில் என் பெயர் இல்லை. ஒருவர் விடாமல் கேட்டால் எழுதியதையும் மாற்ற வேண்டி இருக்கிறது என்று அந்த அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டி இருந்தது.

"எடுத்துட்டாங்களா? உங்க கண்ணு முன்னாடியே?"

"ஆமாப்பா."

"ஸ்டேஷன்ல எங்க நாலு பேரு பேர எடுக்கவே இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த வருடத் திருவிழாக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. கேமரா விற்கும் ஒரு கம்பெனிக்காரர் வந்து படம் போட்டுக் காட்டினாராம். நான் என் மாணவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் மாட வீதிகளைச் சுற்றினேன். ஒவ்வொரு கடைக்காரரிடமும், பூக்காரரிடமும், ஆட்டோக்காரரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினோம். இருபத்திரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் தபால் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் புரட்டிப் பார்த்தார்.

"இத யாரு கேட்டாங்க உங்கள?"

"யாரும் கேக்கல. பெற்றுக்கொண்டேன்னு சீல் போடுங்க."

"கேக்காததுக்கு எப்டி மேடம் சீல் போட்றது?"

நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளும் நகரவில்லை. அவர் மை டப்பாவைத் திறந்தார்.